நூல் கட்டிய பருத்தி

மீனாம்பிகையின் தோட்டத்து வாசலில் ஒரு பலகை நின்றது. படலையைவிடப் பலகை பெரிது. மேலே ஐந்து இலச்சினைகள். நடுவில் "வெண்பொன் திட்டம் – முன்மாதிரிப் பருத்தித் தோட்டம்" என்ற எழுத்து. அதற்குக் கீழே "பயனாளி: திருமதி தியாகலிங்கம் மீனாம்பிகை". கரவெட்டியில் வேறு எந்தப் பெண்ணின் பெயரும் இவ்வளவு பெரிதாக வெயிலில் நின்றதில்லை. கோயில் உபயகாரர் பலகையில்கூட அவள் "குடும்பத்தினர்" என்ற சொல்லுக்குள்தான் அடங்கிக் கிடந்தாள்.

காணி அவளுடையது என்பதால் வந்த பெருமை இது. தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பரப்புத் தோட்டமும் அதற்கு நடுவில் வற்றாத நல்ல தண்ணீர்க் கிணறும் அவள் பெயரில் இருந்தன. மண்வெட்டி பிடித்தவர் தியாகலிங்கம். முப்பத்தைந்து வருடம் அந்த மண்ணில் மாரிக்குப் புகையிலை, கோடைக்கு வெங்காயம் என்று மாறி மாறி வைத்தார். ஆனால் படிவத்தில் "விவசாயி" என்ற கோட்டுக்கு மேலே காணிக்காரர்தான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைத்தாள். அன்றிலிருந்து அவள் பருத்தி விவசாயி.

புகையிலையை விடுங்கள், மாற்றுப் பயிர் செய்யுங்கள் என்று ஊரெங்கும் கூட்டம் போட்டுச் சொன்ன காலம் அது. கொழும்பில் யாரோ வரைபடத்தை விரித்துப் பார்த்து, பருத்தித்துறை என்று ஓர் ஊரே இருக்கிறது, அதன் அயலில் பருத்தி விளையாமல் எங்கே விளையும் என்று கேட்டார்களாம். அந்தத் துறையில் பருத்தி கப்பலேறியதாக ஊரில் சொல்வார்களே தவிர, முளைத்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அதற்குள் அறிக்கை அச்சாகி, அட்டையும் போட்டாகிவிட்டது.

திட்டத்தைக் கரவெட்டிக்குக் கொண்டுவந்தவன் கோபிசங்கர். இருபத்தாறு வயது, பணிவான பிள்ளை, தோளில் எப்போதும் ஒரு கோப்புப் பை. பல்கலைக்கழகத்தில் அவன் படித்தது மீன்பிடி. வேலையில்லாப் பட்டதாரிகளுக்கு வேலை கொடுத்தபோது மீனுக்கு இடம் முடிந்துவிட்டதால் பருத்திக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் பயிற்சி என்றார்கள். முதல் நாள் திட்டத்தின் நோக்கங்கள். இரண்டாம் நாள் படிவம் நிரப்பும் முறை. பருத்தி மூன்றாம் நாளுக்கு இருந்தது. அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை.

விதை வந்தது. பசளை வந்தது. மருந்தடிக்கிற மெசின் ஒன்று, தொப்பி இரண்டு, "நானும் வெண்பொன் விவசாயி" என்று முதுகில் எழுதிய ரீசேர்ட் ஒன்று. ரீசேர்ட் மீனாம்பிகையின் பெயரில் வந்தபடியால் பெண்கள் அளவு. தியாகலிங்கம் அதைப் போட்டுப் பார்த்து, தொப்புள் வரைக்கும் இழுத்துப் பார்த்து, சைக்கிள் துடைக்க வைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையோடு விதைத்த பருத்தி, புகையிலைக்குப் பசளை போட்டுப் பழகிய மண்ணில் மளமளவென்று வந்தது. கோபிசங்கர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து உயரம் அளந்தான், இலை எண்ணினான், மீனாம்பிகையைக் கன்றுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தான். "அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ. மேலிடத்துக்குப் போற படம்." எல்லாம் சரியாகத்தான் போனது, தைமாதம் ஒரு காலை அவள் ஆட்டுக்குக் குழை எடுக்க வரம்புக்குப் போகும்வரைக்கும்.

வரம்போரத்தில் ஒரு குவியல். வெளிர் மஞ்சள் பூக்கள், விரியாத மொட்டுகள், இளம் நுனிகள். அளந்து வைத்தாற்போல அழகான குவியல்.

நிமிர்ந்து பார்த்தாள். நிரைகளுக்கு நடுவில் தியாகலிங்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். வாய் மதிலுக்கு அப்பால் நின்ற ஒருவரோடு மாகாணசபைத் தேர்தல் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. கை, வாய்க்குச் சம்பந்தமில்லாமல், தன் வேலையைச் செய்துகொண்டு வந்தது. நுனியைக் கண்டால் கிள்ளியது. பூவைக் கண்டால் கிள்ளியது. பக்கக் கிளையில் எட்டிப் பார்த்த மொட்டை இரண்டு விரலால் நசுக்கியது. புகையிலைக்காரனின் கை அது. பூக்கவிட்டால் இலை மெலிந்துவிடும் என்று முப்பத்தைந்து வருடம் படித்த கை.

"இஞ்சாருங்கோப்பா!" என்றாள். "என்ன செய்யிறியள்?"

"என்னத்தைச் செய்யிறது? தோட்டம் பாக்கிறன்."

"கையிலை என்ன?"

தியாகலிங்கம் தன் கையை வேறு யாருடைய கையோ போலப் பார்த்தார். உள்ளங்கையில் ஒன்பது பூக்கள்.

"பூவைக் கிள்ளினால் காய் எங்கையிருந்து வரும்? காய் வராட்டில் பஞ்சு எங்கையிருந்து வரும்?"

காகம் ஒன்று கிணற்றுக்கட்டில் வந்து இருந்து, அலுத்துப்போய்ப் பறந்தது. கடைசியில், "இலை பருக்கட்டும் எண்டு விட்டனான்," என்று சொல்லிவிட்டு மோட்டரைப் போடப் போனார்.

அதன் பிறகு அவர் பள்ளிக்கூட அதிபரைப்போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தோட்டத்தில் நடந்தார். ஆனால் யாராவது அரசியல் கதைத்தால் கை அவிழ்ந்துவிடும். மாசி பிறந்தபோது மீனாம்பிகையின் தோட்டத்தில் நெஞ்சளவு உயரத்தில், யானைக்காது இலைகளோடு, பார்த்தவர் வாய்விட்டுப் புகழும் பருத்தி நின்றது. அதில் ஒரு காய்கூட இல்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் சீவரத்தினத்தின் கதை வேறு. அவர் இளைப்பாறிய தபால்காரர். வாழ்க்கையில் புகையிலை வைத்ததில்லை. ஆகவே பழுதாகிப்போக ஒரு பழக்கமும் இருக்கவில்லை. திட்டம் கொடுத்த துண்டுப்பிரசுரத்தைக் கடிதம்போல வரிவரியாக வாசித்து, அதில் சொன்னபடியே செய்தார். பதினொரு சாக்கு வெள்ளைப் பஞ்சு வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"ஆர் தம்பி இதை வாங்கிறது?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பிக் கேட்டார் சீவரத்தினம்.

"சந்தைப்படுத்தல் இரண்டாம் கட்டம் ஐயா," என்றான் கோபிசங்கர்.

"இரண்டாம் கட்டம் எப்ப?"

"முதலாம் கட்டம் வெற்றியெண்டு அறிக்கை போன பிறகு."

அவருடைய மனைவி இரத்தினம்மா சாக்குகளை விறாந்தையில் சுவரோடு அடுக்கிவைத்தாள். வருகிறவர்களுக்கு அதில்தான் இருக்கை. "இருங்கோ, இருங்கோ, வெண்பொன்னிலை இருங்கோ," என்பாள். "ராசாமாருக்கும் கிடையாத மெத்தை."

திட்டப் பணிமனைக்குச் சீவரத்தினத்தைப் பிடிக்காது. கேள்வி கேட்கிறவர். போதாததற்கு, காய் வெடித்து இலை உதிர்ந்த அவருடைய தோட்டம் படத்தில் வரட்டுத் தடிகளாய்த் தெரிந்தது. மீனாம்பிகையின் தோட்டமோ பச்சைப் பசேல். ஆகவே மாவட்டத்தின் சிறந்த பருத்தி விவசாயி திருமதி தியாகலிங்கம் மீனாம்பிகை என்று முடிவாயிற்று. படிவத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, இலைக்கு ஒன்று, கூட்டங்களுக்கு வந்த தடவைக்கு ஒன்று. பஞ்சுக்குக் கட்டம் இல்லை.

பரிசு மட்டுமென்றால் மீனாம்பிகை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்திருப்பாள். கோபிசங்கர் இன்னுமொரு கடதாசியையும் கொண்டுவந்தான். சிறந்த விவசாயி, கொழும்பிலிருந்து வரும் பணிப்பாளரின் முன்னால் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். ஐந்து வருடத்துக்கு அந்தக் காணியில் பருத்தி தவிர வேறெதுவும் வைக்கக்கூடாது, விற்கக்கூடாது, பெயர் மாற்றக்கூடாது.

பெயர் மாற்றக்கூடாது என்ற இடத்தை அவள் இரண்டாம் தரமும் வாசித்தாள். ஆவணியில் மகள் ஆரபிக்குக் கலியாணம். ஆரபியும் தொண்டைமானாற்றுக் கஜானனும் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும்போதே மனதை முடித்துக்கொண்டவர்கள். பெரியவர்கள் பேச்சுக்கால் என்று ஒப்புக்குத்தான் பேசினார்கள். ஒப்புக்குப் பேசினாலும் கஜானனின் தாய்க்குப் பெண்ணையும் பிடித்திருந்தது, கிணற்றையும் பிடித்திருந்தது. "காணியிலை வில்லங்கம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று தேத்தண்ணி ஆறும் முன்பே கேட்டுவிட்டாள். ஆனியில் ஆரபியின் பெயருக்குக் காணி எழுதுவதாக மீனாம்பிகை வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நான் உதிலை கையெழுத்து வைக்கேலாதப்பா," என்றாள் கணவனிடம்.

"ஏன்?" தியாகலிங்கம் சோற்றுக் கோப்பையை விட்டு நிமிரவில்லை. "அடுத்த போகம் பாரும். எனக்கு இப்ப விளங்கியிட்டுது. அடுத்த போகம் காய் காய்க்கப் பண்ணிக் காட்டுறன்."

"ஆரபின்ரை எழுத்து?"

"அவையளோடை நான் கதைக்கிறன்."

"என்னெண்டு கதைப்பியள்? பூவெல்லாம் கிள்ளிப்போட்டன், அஞ்சு வருசம் பொறுங்கோ எண்டோ?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. ஊரில் புகையிலை என்றால் தியாகலிங்கத்தைத்தான் கேட்பார்கள். எந்தத் தோட்டத்தில் இலை சுருண்டாலும் அவரைத்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பருத்தியில் பூக் கிள்ளினவன் என்ற பெயர் ஒருமுறை வந்தால் போதும், பேரப்பிள்ளை காலத்திலும் போகாது. ஒப்பந்தம் வேண்டாமென்றால் சிறந்த விவசாயி ஏன் வேண்டாம் என்கிறாள் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் யாராவது இலையை விலக்கிப் பார்ப்பார்கள். காணியும் தப்ப வேண்டும், இந்த மனிசனும் தப்ப வேண்டும். இதற்கு எந்தத் திட்டத்திலும் படிவம் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

பங்குனியில் அவள் தோட்டத்திலேயே மேடை போட்டு விழா. முதல் நாள் பின்னேரம் தோட்டத்தைப் பார்க்க வந்த கோபிசங்கர், பணிப்பாளர் தன் கையால் பஞ்சு பறிப்பதுபோல ஒரு படம் வேண்டுமென்று சொல்லிக்கொண்டே இலைகளை விலக்கினான். ஒரு கன்று. அடுத்த கன்று. நிரை முடியும்வரை விலக்கினான். பிறகு வரம்பில் குந்திவிட்டான்.

"ஐயா… காய்?"

தியாகலிங்கம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார், காய் அதற்குள் விழுந்துவிட்டதுபோல.

"எனக்கு வேலை போகும் அம்மா," என்றான் பையன். "இன்னும் நிரந்தரமாக்கேல்லை."

மீனாம்பிகைக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. மீனைப் படித்துவிட்டுப் பஞ்சில் தவிக்கிற பிள்ளை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்து முடிக்கும்போது அவனுக்கு யோசனை வந்தது.

விடிந்ததும் விடியாததுமாகச் சீவரத்தினத்தின் விறாந்தையிலிருந்து ஒரு சாக்கு மதிலேறி வந்தது. இரத்தினம்மா தையல் பெட்டியோடு பின்னால் வந்தாள். ஐந்து பேரும் நிரைக்கு ஒருவராக நின்று, மேடைக்கு முன்னால் நின்ற கன்றுகளில் பஞ்சைக் கொத்துக் கொத்தாக வெள்ளை நூலால் கட்டினார்கள்.

"தபால்காரனாயிருந்தும் ஒரு சாமானை இவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை," என்றார் சீவரத்தினம். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "பரவாயில்லை, என்ரை பஞ்சுக்கு முதல்முதலாய் ஒரு ஆள் கேட்டு வந்திருக்கு."

"இறுக்கிக் கட்டாதையுங்கோ," என்றாள் இரத்தினம்மா. "பறிக்கிறவருக்கு வரவேணும்."

தியாகலிங்கமும் குனிந்து கட்டினார். கிள்ளிய அதே விரல்கள். மீனாம்பிகை பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

பத்து மணிக்குப் பணிப்பாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, சிரித்த முகம், நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார். தமிழ் தெரியாது, கோபிசங்கர் மொழிபெயர்த்தான். நிறைகுடம், மாலை, குத்துவிளக்கு. விளக்குத் திரி நெல்லியடிக் கடையில் வாங்கிய பைக்கற். இந்தியாவில் செய்தது என்று பைக்கற்றில் போட்டிருந்ததை இரத்தினம்மா உரத்து வாசித்தாள். சீவரத்தினம் அவளை முழங்கையால் இடித்தார்.

பணிப்பாளர் தோட்டத்துக்குள் இறங்கி, ஒரு கொத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். பஞ்சு வந்தது. பஞ்சுக்குப் பின்னால் நூல் வந்தது. நூல் முடியாமல் வந்துகொண்டேயிருந்தது. இரத்தினம்மா கத்தரிக்க மறந்திருந்தாள்.

பணிப்பாளர் நூலைப் பார்த்தார். கோபிசங்கரைப் பார்த்தார். கோபிசங்கர் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னான். மீனாம்பிகைக்கு விளங்கவில்லை. ஆனால் தியாகலிங்கத்தின் மீசை துடித்ததைக் கண்டாள். பதினாறு வயதில் மாமனின் சுருட்டுக்கடையில் நிற்கத் தெற்கே மாத்தறைக்குப் போனவர் அவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை போய், சுருட்டுப் போய், சிங்களம் மட்டும் மிஞ்சியது. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அதை அவள் இரண்டே தடவை, இரண்டும் சோதனைச் சாவடியில், கேட்டிருக்கிறாள்.

"என்னவாம்?" என்று மெல்லக் கேட்டாள்.

"புது இனமாம். நூலாவே காய்க்குமாம்," என்றார் அவர், உதடு அசையாமல்.

பணிப்பாளர் தலையசைத்தார். கைதட்டல். பிறகு மேசை, வெள்ளை விரிப்பு, ஒப்பந்தம், பேனை. கமெராக்காரன் முழங்காலில் நின்றான். மீனாம்பிகை பேனையை எடுத்தாள். கோட்டில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. அந்தக் கோட்டுக்குள் ஆரபியின் ஆவணி இருந்தது.

பேனையை மூடி வைத்தாள்.

"ஐயா, நான் சிறந்த விவசாயி இல்லை. உந்தப் பஞ்சு என்ரை இல்லை. அது பக்கத்துத் தோட்டத்துச் சீவரத்தினம் அண்ணைன்ரை. அவருக்குப் பதினொரு சாக்கு கிடக்கு, வாங்க ஆளில்லை. என்ரை பருத்திக் கண்டிலை ஒரு காயும் இல்லை. பூவெல்லாத்தையும் நான்தான் கிள்ளிப்போட்டன். புகையிலைப் பழக்கம். உந்தக் கடதாசி எனக்கு வேண்டாம்."

பந்தலுக்குள் யாரோ "ஐயோ" என்றார்கள். கோபிசங்கர் பணிப்பாளரின் பக்கம் திரும்பி, நாலு சொல்லில் மொழிபெயர்த்தான். பணிப்பாளர் முகம் மலர்ந்து, மீனாம்பிகையைப் பார்த்துக் கைகூப்பினார்.

தியாகலிங்கம் செருமினார். பிறகு மேசைக்கு முன்னால் வந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சிங்களத்தில் பேசத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒரு வாடிக்கையாளருக்குச் சுருட்டின் தரம் சொல்வதுபோலப் பேசினார். இடையில் ஒருமுறை தன் வலக்கையை முன்னால் எடுத்து, இரண்டு விரலால் காற்றில் கிள்ளிக் காட்டினார்.

என்ன சொன்னார் என்று அவள் பின்னால்தான் கேட்டறிந்தாள். "என்ரை மனிசி நன்றி சொல்லேல்லை, காய் இல்லை எண்டு சொன்னவ. ஆனால் அவ சொன்னதிலையும் ஒரு பொய் இருக்கு. கிள்ளினது நான். அவ இதுக்கு முன்னம் பொய் சொல்லிப் பழகேல்லை, அதாலை உடனை பிடிபட்டுப்போச்சு."

பணிப்பாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கே இந்தச் சிங்களம் படித்தீர்கள் என்று கேட்டார். மாத்தறை என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அவரும் அந்தப் பக்கம்தான். கடை எந்தத் தெருவில், மாமனின் பெயர் என்ன, கடை வாசலில் நின்ற மரம் இப்போதும் நிற்கிறது என்று கதை அரை மணித்தியாலம் ஓடியது. ஒப்பந்தம் காற்றில் பறக்காமல் இருக்க யாரோ அதன்மேல் வடைத் தட்டை வைத்தார்கள். பருத்தியைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. எழும்பும்போது மட்டும் சீவரத்தினத்தைக் காட்டிக் கோபிசங்கரிடம் ஏதோ சொன்னார். கோபிசங்கர் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டான்.

வாகனத்தில் ஏறுவதற்கு முன், புகையிலை ஒழிப்புக்கு மாற்றுப் பயிர் கொண்டுவந்த அந்தப் பணிப்பாளர் தியாகலிங்கத்தைத் தள்ளிக் கூட்டிப்போய், நல்ல யாழ்ப்பாணச் சுருட்டு ஒரு கட்டு எடுக்க வழியுண்டோ என்று கேட்டார். வழியிருந்தது.

வாகனம் போன பிறகு கணவனும் மனைவியும் கிணற்றுக்கட்டில் இருந்தார்கள்.

"நீங்கள் கிள்ளிக் காட்டினதை ஊரெல்லாம் கண்டிட்டுது," என்றாள் அவள்.

"காணட்டும்." மீசையைத் தடவினார். "நீர் ஏனப்பா நான்தான் கிள்ளினன் எண்டு சொன்னனீர்?"

"காணி என்ரை பேரிலை தானே. அதிலை நடக்கிற பிழையும் என்ரை பேரிலை கிடக்கட்டும் எண்டு."

அவர் வேறுபக்கம் பார்த்தார். கண்ணைத் துடைக்க எடுத்த துணி, சைக்கிள் துடைக்கிற ரீசேர்ட். முகமெல்லாம் எண்ணெய். அவள் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்த வெகுநேரமாயிற்று.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. முன்மாதிரிப் பயனாளி திருமதி மீனாம்பிகை தன்னிறைவு அடைந்துவிட்டபடியால், அவருக்கு மேலதிக உதவி தேவையில்லை. அவரது காணி திட்டத்திலிருந்து வெற்றிகரமாக விடுவிக்கப்படுகிறது. ஒரு காயும் காய்க்காத தோட்டம் தேறிவிட்டது. சீவரத்தினத்துக்கும் கடிதம் வந்தது. விளைச்சல் தேங்கிக் கிடப்பது பயனாளியின் சந்தை அறிவுக் குறைபாட்டைக் காட்டுவதால், அவர் இரண்டு நாள் பயிற்சிக்கு வரவேண்டுமாம். அவர் போனார். படிவம் நிரப்பும் முறை படித்து வந்தார். கோபிசங்கருக்கு வேலை நிரந்தரமானது. மீன் வளர்ப்புக்கு மாற்றினார்கள், அங்கே அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டிருந்தது.

ஆனியில் காணி எழுத்து நடந்தது. ஆவணியில் கலியாணம். மணமக்களின் மெத்தையும் தலையணைகளும் சீவரத்தினத்தின் பருத்தி. கஜானனின் தாய் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். "உண்மையான பஞ்சு," என்றாள். மூன்று சாக்கு அப்படிப் போனது. மிச்சத்தில் இன்றைக்கும் விருந்தினர் இருக்கிறார்கள்.

பலகையைத் தியாகலிங்கம் கழற்றி மோட்டருக்குக் கூரையாகப் போட்டார். மழை நின்றதும், மகள் தந்த அனுமதியோடு, மார்கழியில் வெங்காயம் வைத்தார்கள். தை முடிய ஒரு காலை மீனாம்பிகை தேத்தண்ணி கொண்டு போனபோது, வெங்காயப் பாத்தியெங்கும் பூத்தண்டு எழும்பி நின்றது. தியாகலிங்கம் வரம்பில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, பூக்களைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா அப்பிடி நிக்கிறியள்?"

"பூத்திருக்கு," என்றார், பயந்த குரலில்.

அவளுக்கு அடக்க முடியவில்லை. தேத்தண்ணியை வரம்பில் வைத்துவிட்டு, அவருடைய கைகளைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

"உதைக் கிள்ளுங்கோ," என்றாள். "கிள்ளினால்தான் வெங்காயம் பருக்கும். மத்தியானம் வெங்காயப்பூ வறை வைக்கிறன்."

அவர் ஒருமுறை அவளைப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். பிறகு குனிந்தார். மதிலுக்கு அப்பாலிருந்து சீவரத்தினம் தேர்தலைப் பற்றி ஏதோ கேட்டார். தியாகலிங்கம் பதில் சொல்லத் தொடங்கினார். கை தன் பாட்டில் வேலை செய்தது.